புள்ளி விழுந்தால் பொருள் மாறும்: வெட்டு எந்திரத்துக்கு எழுத்து அச்சு தயாரிப்பது எப்படி?



தேக்ஸா, கல்யாணத்துக்குக் கொடுத்து வாங்கும் நாற்காலி, குளிப்பாட்டும் பலகை, சந்தூக், ஃபிரீசர் பெட்டி என்று ஒவ்வொரு ஜமாஅத்திலும் பொதுச் சொத்து நிறைய இருக்கிறது. எல்லாம் அமானிதம். ஊர்ப் பெயரும் நம்பரும் போட்டு வைக்காவிட்டால் நம் பாத்திரம் பக்கத்து ஊர் அறையிலும், அவர்கள் பாத்திரம் நம் அறையிலும் கிடக்கும். முன்பெல்லாம் இதற்குத் தகர அச்சுதான். தகரத்தில் எழுத்தை வெட்டி எடுத்துவிட்டு, பொருளின் மேல் வைத்துப் பெயின்ட் தடவினால் எழுத்து இறங்கிவிடும். மூட்டைகளுக்கு மார்க் போடும் அதே முறை. ஏலக்காய், பருத்தி, மிளகு என்று மூட்டை புழங்கும் நம் பகுதியில் இதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள்.

இன்று அந்த வேலையை எந்திரம் செய்கிறது. ஸ்டிக்கர் வெட்டும் பிளாட்டர், லேசர், கதவுக்கும் கிரில்லுக்கும் டிசைன் போடும் சிஎன்சி என்று பல வகை. பெயர்ப் பலகை, வீட்டு வாசலில் மாட்டும் பிஸ்மி, பள்ளிவாசல் ஜன்னலுக்கான பூ வேலைத் தகடு, மருதாணி அச்சு எல்லாமே இவற்றில்தான் வருகின்றன. ஆனால் இந்த எந்திரங்களுக்கு நாம் செல்போனில் அனுப்பும் படத்தைக் கொண்டு வெட்டத் தெரியாது. அதை 'வெக்டர்' என்ற ஒரு வகைக் கோப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டும். மாற்றும் வேலையைக் கடைக்காரரே செய்துவிடுவார். தமிழ் எழுத்து என்றால் தப்பு வந்தால் அவர் கண்ணில் படும். அரபி எழுத்து என்றால் படாது. அவருக்கு அது ஓர் அழகான கொடி, அவ்வளவுதான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஓதத் தெரிந்த நம் கையில் அந்தக் கோப்பு ஒரு தடவையாவது வந்து போக வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

என்ன அப்படிப் பெரிய தப்பு வந்துவிடும் என்று கேட்கலாம். பிஸ்மியின் கடைசிச் சொல் ரஹீம். அளவற்ற கருணையாளன் என்று அல்லாஹ்வைச் சொல்லும் சொல். அதில் வரும் ஹே என்ற எழுத்துக்குப் புள்ளி கிடையாது. அதே எழுத்தின் வயிற்றில் ஒரு புள்ளி வைத்தால் அது ஜீம். அப்போது அந்தச் சொல் ரஜீம். ஷைத்தானை விட்டுப் பாதுகாப்புத் தேடும்போது அவனை நாம் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறோமோ, அந்தச் சொல். இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு புள்ளி. ஸ்கேன் எடுத்த காகிதத்தில் அந்த இடத்தில் ஒரு தூசி ஒட்டியிருந்தால் போதும்.

ஊசி குத்திய காகிதம்

வெக்டர் என்றால் என்ன என்பது வீட்டில் ஆரி வேலை செய்யும் சகோதரிகளுக்கு உடனே புரிந்துவிடும். ஜாக்கெட் துணியில் டிசைனை எப்படி இறக்குகிறீர்கள்? டிரேஸ் பேப்பரில் வரைந்து, கோட்டின் மேலேயே ஊசியால் துளை குத்தி, துணியின் மேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த பொடியைத் தேய்க்கிறீர்கள். நேராகப் போகும் இடத்தில் துளைகள் தள்ளித் தள்ளி இருந்தால் போதும். மயில் கழுத்து வளையும் இடத்தில் நெருக்கிக் குத்த வேண்டும். ஒருமுறை குத்திய காகிதத்தை எத்தனை ஜாக்கெட்டுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

துருக்கியில் உஸ்மானிய ஆட்சிக் காலத்து எழுத்துக் கலைஞர்களும் இதையேதான் செய்தார்கள். உஸ்தாத் ஒருவர் எழுதிய எழுத்தின் ஓரம் முழுக்க ஊசியால் குத்தி, அதன்மேல் கரித்தூளைத் தட்டி, பலகையிலோ கல்லிலோ அந்த ஓரத்தை இறக்கி, தங்கம் பூசுவார்கள் அல்லது செதுக்குவார்கள். இப்படி ஒரே கை எழுதிய எழுத்தைப் பல இடங்களில் வைக்க முடிந்தது.

வெக்டர் கோப்பு என்பது கணினியில் இருக்கும் ஊசிக் காகிதம். எழுத்தின் ஓரத்தில் எங்கெங்கே துளை இருக்கிறது, ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குக் கோடு எவ்வளவு வளைந்து போகிறது என்பது மட்டுமே அதில் பதிவாகியிருக்கும். அந்தத் துளைக்கு நோடு என்று பெயர். நடுவில் வரும் வளைவைக் கணினி கணக்குப் போட்டுக்கொள்ளும். அந்தக் கணக்குக்குப் பெசியே வளைவு என்று பெயர். 1960களில் பிரான்சின் ரெனோ கார் கம்பெனியில் பொறியாளராக இருந்த பியர் பெசியே, கார் உடம்பின் வளைவுகளை வடிவமைக்க இதைப் பயன்படுத்தினார். அதனால் இந்தக் கணக்கு எந்திரங்களுக்குப் புதிதல்ல.

செல்போனில் எடுத்த போட்டோ வேறு வகை. அது கோரைப்பாயில் பின்னிய பூவைப் போன்றது. தள்ளி நின்று பார்த்தால் பூ; கிட்டே போனால் படிக்கட்டு படிக்கட்டாகக் கட்டங்கள்தான். பெரிதாக்கினால் கட்டமும் சேர்ந்து பெரிதாகும். எந்திரத்தின் கத்தி எந்தக் கட்டத்தின் ஓரமாகப் போவது? ஊசிக் காகிதத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. 4 அங்குலத்தில் செய்த வெக்டரை 4 அடிக்குப் பெரிதாக்கினாலும் ஓரம் அப்படியே வழவழவென்று இருக்கும்.

இதில் ஒரு சிறு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும். கட்டங்கள் குறைந்துவிடும். 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள்.

கண் விழுமா, புள்ளி விழுமா?

வெட்டும் வேலையில் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஒன்று, தகட்டில் எழுத்து ஓட்டையாக இருப்பது. பெயின்ட் தடவும் அச்சு இந்த வகை. மற்றது, எழுத்து தனியாக நிற்பது. சுவரில் ஒட்டும் அக்ரிலிக் எழுத்தும், ஸ்டீல் பெயர்ப் பலகை எழுத்தும் இந்த வகை.

முதல் வகையில் விழுந்துபோவது எழுத்தின் கண். க, ச, த, அ போன்ற எழுத்துகளில் சுற்றிலும் அடைபட்ட ஓர் இடம் இருக்கிறதல்லவா, அதைத்தான் கண் என்கிறேன். சுற்றி வெட்டியதும் அதைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் கீழே விழுந்துவிடும். பெயின்ட் அடித்தால் எழுத்து அடைத்துக்கொண்டு நிற்கும். எண்களில் 0, 4, 6, 8, 9 எல்லாவற்றுக்கும் இதே கதை. நாற்காலிக்கு நம்பர் போடும்போது 8 ஒரு பூசணிக்காய் மாதிரி வருவது இதனால்தான். ட, ப, ர போன்றவற்றுக்குக் கண் இல்லை, கவலையும் இல்லை.

கண் விழாமல் இருக்க, கண்ணுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய பாலம் விட வேண்டும். பழைய தகர அச்சில் எழுத்துகள் நடுவில் துண்டு துண்டாக இருக்குமே, அவைதான் இந்தப் பாலங்கள். பாலம் தகட்டின் கனத்தைவிடக் குறையவே கூடாது, இரண்டு மடங்கு இருந்தால் நிம்மதி. ஓஹெச்பி ஷீட் மாதிரி மெல்லிய தாளில் 2 மில்லிமீட்டராவது விடுங்கள். இல்லாவிட்டால் பெயின்ட் துடைக்கும்போது பிய்ந்துவிடும். ஜப்பானில் துணிக்குச் சாயம் போடும் காகித அச்சுகளில் பாலத்துக்குப் பதிலாகப் பட்டு நூலை ஒட்டி இந்தத் துண்டுகளைப் பிடித்து வைத்தார்கள். நமக்கு அவ்வளவு பொறுமை வேண்டியதில்லை.

இரண்டாவது வகையில் கண் விழுந்தால் நல்லது, அது விழத்தான் வேண்டும். விழக் கூடாதது புள்ளி. எழுத்தோடு ஒட்டாமல் தனியாக நிற்பதால், வெட்டியதும் அது தனித் துண்டாகிவிடும். 'கம்பம்' என்ற பெயரில் இரண்டு புள்ளியும் காணாமல் போனால் 'கமபம' என்று நிற்கும். பார்ப்பவர் சிரித்துவிட்டுச் சரியாகவே படித்துக்கொள்வார். அரபியில் அப்படிப் படித்துக்கொள்ள முடியாது. பே, தே, ஸே மூன்றுக்கும் உடம்பு ஒன்று; புள்ளிதான் வேறு. ஜீம், ஹே, கே என்ற மூன்றும் அப்படியே.

இப்போது பிஸ்மியை எடுத்துக்கொள்வோம். 19 எழுத்துகள். அவற்றில் புள்ளிகள் மொத்தம் 4. பே எழுத்துக்குக் கீழே 1, ரஹ்மானின் நூனுக்கு மேலே 1, ரஹீமின் யேவுக்குக் கீழே 2. கண் வரக்கூடிய எழுத்துகள் மூன்று மீமும், அல்லாஹ் என்ற பெயரின் கடைசி ஹேயும். ஆக, அச்சுத் தகடாக வெட்டினால் இந்த நான்கு எழுத்துகளிலும் பாலம் இருக்கிறதா என்று பாருங்கள். தனி எழுத்தாக வெட்டினால் 4 புள்ளிகளும் கையில் வந்து சேர்ந்தனவா என்று எண்ணுங்கள். ஜபர், ஜேர், பேஷ், ஷத்து எல்லாம் போட்ட எழுத்து என்றால் அவையும் தனித் தனியாக விழும். அவற்றையும் முன்கூட்டியே எண்ணி எழுதி வையுங்கள்.

எண்ணினால் மட்டும் போதாது, ஒட்டும் இடமும் சரியாக இருக்க வேண்டும். யேவுக்குரிய புள்ளி ஒன்று வலப்பக்கம் நகர்ந்து ஹேவுக்குக் கீழே போய் ஒட்டிக்கொண்டால் மேலே சொன்ன ரஜீம் வந்து நிற்கும். ஒட்டும் ஆள் அரபி தெரியாதவராக இருக்கலாம். அதனால் வெட்டும் அதே கோப்பை முழு அளவில் காகிதத்தில் பிரின்ட் எடுத்து, அதைச் சுவரில் வைத்து, அதன்மேல் பார்த்து ஒட்டச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, புள்ளிகளை எழுத்தோடு சேர்த்து வைக்கும் ஒரு மெல்லிய காம்பைக் கோப்பிலேயே வரைந்துவிடுவது. அல்லது பின்னால் ஒரு முழுப் பலகை வைத்துக்கொள்வது.

எழுத்து வகையைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிப் பாலங்களைத் தவிர்த்துவிடலாம் என்பதையும் சொல்ல வேண்டும். சில எழுத்து நடைகளில் மீமின் கண் மையால் மூடியே இருக்கும். அதுவும் முறையான எழுத்துதான். அப்படிப்பட்டதை எடுத்தால் அச்சுத் தகட்டில் மீமுக்குப் பாலமே தேவையில்லை. பாலம் வைத்தே ஆக வேண்டும் என்றால் பேனா மெலிந்து ஓடும் இடத்தில் வையுங்கள். ஸீனின் பற்களுக்கு நடுவில் வைக்காதீர்கள். பல் கணக்கு மாறினால் எழுத்தும் மாறும்.

ஸ்டிக்கர் அச்சுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. வினைல் ஸ்டிக்கரின் துண்டுகள் எல்லாம் பின்தாளில் ஒட்டியே இருக்கும். மேலே டிரான்ஸ்ஃபர் டேப் ஒட்டி மொத்தமாக எடுத்தால் கண்ணும் புள்ளியும் இருந்த இடத்திலேயே வரும். மருதாணி அச்சு செய்ய நினைக்கும் சகோதரிகள் இதிலிருந்து தொடங்குவது எளிது.

தூசியும் நுக்தாவும் கணினிக்கு ஒன்றுதான்

படத்திலிருந்து வெக்டர் எடுப்பதை 'டிரேஸ்' என்கிறார்கள். நம் பக்கத்துக் கடைகளில் பெரும்பாலும் கோரல்டிரா வைத்திருப்பார்கள், அது விலைக்கு வாங்குவது. வீட்டில் செய்ய இங்க்ஸ்கேப் போதும். 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, திருட்டு காப்பி தேடவேண்டிய அவசியமே இல்லை. அதில் 'டிரேஸ் பிட்மேப்' என்ற வசதிக்குள் வேலை செய்வது போட்ரேஸ் என்ற நிரல். கனடாவில் பேராசிரியராக இருக்கும் கணித அறிஞர் பீட்டர் செலிங்கர் 2001இல் எழுதியது.

டிரேஸ் செய்யும்போது 'ஸ்பெக்கிள்ஸ்' என்று ஓர் எண் கேட்கும். இத்தனை கட்டத்துக்கு உட்பட்ட சிறு கறைகளைத் தூசியாக எடுத்துக்கொண்டு நீக்கிவிடு என்று பொருள். கணினிக்குத் தூசியும் நுக்தாவும் ஒன்றுதான். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தில் ஒரு நுக்தா 5 கட்டம் அகலம், 5 கட்டம் உயரம் இருக்கிறது என்று வையுங்கள். மொத்தம் 25 கட்டம். சுத்தமாக வரட்டும் என்று ஒருவர் ஸ்பெக்கிள்ஸை 30 ஆக வைத்தால் தூசியோடு நுக்தாவும் போய்விடும். எண்ணை மிகவும் குறைத்தால் தூசியும் நுக்தாவாக நிற்கும். எந்த எண்ணை வைத்தாலும் இரண்டில் ஒரு ஆபத்து இருக்கவே செய்யும்.

மருந்து, மூலப் படத்தைப் பெரிதாக எடுப்பதுதான். நல்ல வெள்ளைத் தாளில் கறுப்பு மையில் இருக்கும் எழுத்தை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 2 மில்லிமீட்டர் அகலமுள்ள நுக்தா ஏறக்குறைய 47 கட்டம் அகலம் இருக்கும். தூசியோ நாலைந்து கட்டம். இப்போது இரண்டையும் பிரிப்பது சுலபம்.

இன்னொரு எண், முனைகளை மழுக்குவது. அரபி எழுத்தின் நுக்தா வட்டம் இல்லை. சாய்வாக வெட்டிய கலம் ஒருமுறை தாளில் பட்டு எழுந்த சாய்சதுரம். பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் அமைச்சராக இருந்த இப்னு முக்லாவின் பெயரால் அறியப்படும் முறைப்படி, ஒவ்வோர் எழுத்தின் உயரமும் அகலமும் இத்தனை நுக்தா என்றுதான் கணக்கு. நுக்தாவே அளவுகோல். அதனால் மழுக்கும் எண்ணை அதிகமாக வைத்தால் நுக்தா உருண்டு, எழுத்தின் களையே போய்விடும். பலகை நீளமாக இருக்கிறது என்பதற்காக எழுத்தைப் பக்கவாட்டில் மட்டும் இழுப்பதும் இதே கெடுதிதான். பலகையைச் சிறிதாக்கிக்கொள்ளுங்கள், அல்லது இரு பக்கமும் பூ வேலை வைத்து நிரப்புங்கள்.

டிரேஸ் முடிந்ததும் நோடுகளைப் பாருங்கள். ஒரு வளைவுக்கு நாலு நோடு போதும் என்ற இடத்தில் நாற்பது இருந்தால் கத்தி நடுங்கி நடுங்கிப் போகும், ஓரம் ரம்பப் பல்லாக வரும். கூடுதல் நோடுகளை அழித்துவிடுங்கள். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும். ஓர் இரவு இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்தால் ஒரு பிஸ்மி முடியும்.

டிரேஸ் செய்யாமல் டைப் செய்தால்?

கையெழுத்துக் கலை வேண்டாம், தெளிவாக இருந்தால் போதும் என்றால் எழுத்துருவில் டைப் செய்வதுதான் பாதுகாப்பு. தூசிப் பிரச்சினை இல்லை. காலித் ஹொஸ்னி உருவாக்கிய அமீரி என்ற எழுத்துரு இலவசம். கெய்ரோவின் புலாக் அச்சகத்து எழுத்தை ஒட்டி அமைந்தது. மதீனாவில் உள்ள மன்னர் ஃபஹ்த் குர்ஆன் அச்சகமும் குர்ஆன் எழுத்துருக்களை வெளியிட்டிருக்கிறது. அவற்றின் குறியீடுகள் நம் வீட்டு குர்ஆன் பிரதிகளில் நாம் பழகிய அச்சிலிருந்து சற்று வேறாக இருக்கும். பெரியவர்கள் பார்த்துவிட்டு இது தப்போ என்று கேட்பார்கள். முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது.

டைப் செய்வதில் இரண்டு பள்ளங்கள். அரபி எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஓர் உருவம், நடுவில் ஓர் உருவம், முடிவில் ஓர் உருவம் எடுக்கும். அரபி தெரியாத பழைய மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் பிரிந்து தனித் தனியாக நிற்கும், இடமிருந்து வலமாகத் திரும்பியும் விடும். ஃபிளெக்ஸ் போர்டுகளில் இந்தக் கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். எனவே நம்மிடம் சரியாகத் தெரியும்போதே எழுத்தைக் கோடாக மாற்றிவிட வேண்டும். இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்', கோரலில் 'கன்வர்ட் டு கர்வ்ஸ்'. அதன்பின் கடைக்காரரிடம் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. தமிழுக்கும் இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது பள்ளம் கண்ணுக்கே தெரியாது. எழுத்துகள் சேரும் இடத்தில் ஒன்றின் வால் மற்றதன் மேல் ஏறி நிற்கும். கறுப்பாக நிரப்பிப் பார்க்கும்போது ஒரே சொல்லாகத் தெரியும். எந்திரம் பார்ப்பது நிறத்தை அல்ல, ஓரக் கோட்டை. ஏறி நிற்கும் இடத்திலும் வெட்டும். எடுத்துப் பார்த்தால் சொல் துண்டு துண்டாகக் கையில் வரும். இதற்கு 'யூனியன்' அல்லது 'வெல்டு' செய்து எல்லாவற்றையும் ஒரே ஓரமாக்க வேண்டும். நிறத்தை எடுத்துவிட்டு வெறும் கோட்டில் பாருங்கள். சொல்லுக்குள்ளே குறுக்குக் கோடு ஏதாவது தெரிந்தால் அது வெட்டுப்படும் கோடு. ஒரே கோடு இரண்டு முறை ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தாலும் ஆபத்து. லேசர் இரண்டு தடவை சுட்டு ஓரத்தைக் கருக்கும்.

ஜன்னல் பூ வேலையை டிரேஸ் செய்யவே வேண்டாம், வரைந்துவிடுங்கள். எட்டு முனை நட்சத்திரம் என்பது ஒரு சதுரமும், 45 டிகிரி திருப்பிய இன்னொரு சதுரமும்தான். ஒரு மூலையை வரைந்து திருப்பித் திருப்பி வைத்தால் முழுத் தகடும் வந்துவிடும். அகமதாபாத்தில் 1573இல் கட்டி முடித்த சிதி சய்யித் பள்ளிவாசலின் கல் ஜன்னலைப் படத்தில் பாருங்கள். ஒரு மரமும் கொடியும் பின்னிக் கிடக்கும், ஆனால் ஓர் இலைகூட அந்தரத்தில் நிற்காது. ஒவ்வொன்றும் எங்காவது ஒரு கிளையைத் தொட்டுக்கொண்டிருக்கும். பாலம் வைப்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

எந்த எந்திரம், எந்தப் பொருள்

கத்தி பிளாட்டர் ஸ்டிக்கருக்கு. லேசர் அக்ரிலிக்குக்கும் மெல்லிய பலகைக்கும். அதன் கதிர் தின்னும் அகலம் ஏறக்குறைய 0.1 முதல் 0.3 மில்லிமீட்டர். சிஎன்சி ரூட்டர் மரத்துக்கு. அதன் பிட் 3 மில்லிமீட்டர் என்றால் 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த இடுக்கில் அது நுழையாது. யேவின் இரண்டு நுக்தாவுக்கும் நடுவில் 2 மில்லிமீட்டர்தான் இடைவெளி என்றால் இரண்டும் பிரியாமல் ஒரே கட்டியாக வரும். ஒரு புள்ளி என்று படித்தால் அது யே அல்ல, பே. எந்தக் கடைக்குப் போகிறோம், பிட் எத்தனை மில்லிமீட்டர் என்று முதலில் கேட்டுக்கொண்டு, பிறகு கோப்பைச் செய்வதுதான் சரியான வரிசை.

பிவிசி ஷீட்டையும் வினைல் ஸ்டிக்கரையும் லேசரில் வெட்டச் சொல்லாதீர்கள். சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். நுரையீரலைக் கெடுக்கும், எந்திரத்தையும் அரிக்கும். கடையில் வேலை பார்ப்பவர் யார் வீட்டுப் பிள்ளையானாலும் அது பாவம்தான்.

பெரும்பாலான பிளாட்டர், லேசர் கடைகள் எஸ்விஜி அல்லது டிஎக்ஸ்எஃப் வகைக் கோப்பை வாங்கிக்கொள்ளும். டிஎக்ஸ்எஃப் கோப்பில் மில்லிமீட்டரும் அங்குலமும் குழம்பினால் 25.4 மடங்கு வித்தியாசம் வரும். எழுத்துக்குப் பக்கத்தில் 100 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, 'இது 100 மிமீ, வெட்ட வேண்டாம்' என்று எழுதி வைத்தால் கடையில் அளவு சரிபார்க்க ஒரு நொடிதான் ஆகும். உள்ளே இருக்கும் கண்களை முதலிலும் வெளி ஓரத்தைக் கடைசியிலும் வெட்டச் சொல்லுங்கள். வெளி ஓரத்தை முதலில் வெட்டினால் துண்டு நகர்ந்துவிடும். கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டும் ஸ்டிக்கர் என்றால் திருப்பி வெட்ட வேண்டும் என்பதையும் எழுத்தில் கொடுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி. முழு அளவில் காகிதத்தில் பிரின்ட் எடுத்து இமாமிடமோ மத்ரஸா உஸ்தாதிடமோ காட்டுங்கள். பார்த்துச் சொல்லுங்கள் ஹஜ்ரத் என்று பொதுவாகக் கேட்காமல், ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து ஓதச் சொல்லிக் கேளுங்கள். மனப்பாடமான வாசகத்தைக் கண் தானாகச் சரிசெய்துகொண்டு படித்துவிடும், தப்பு தெரியாது. மக்தபில் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கும் எட்டு வயதுப் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். இந்த வேலைக்கு அதைவிடக் கூர்மையான கண் கிடையாது.

வெட்டியதில் விழும் துண்டு

அச்சுத் தகட்டில் பிஸ்மியை வெட்டும்போது கீழே விழும் துண்டு எது? அதுவே அந்த எழுத்து. கடையில் அது குப்பைக் கூடைக்குத்தான் போகும். உஸ்மானியக் காலத்தில் காகிதத்தில் எழுத்தை வெட்டி எடுக்கும் கலை ஒன்று இருந்தது. அதில் வெட்டி எடுத்த எழுத்தையும், எழுத்து போன ஓட்டைக் காகிதத்தையும் இரண்டு தனிப் படைப்பாக ஒட்டி வைப்பார்கள். நாமும் ஒரு கவர் எடுத்துப் போய், வெட்டி முடித்த கையோடு துண்டுகளைக் கேட்டு வாங்கி வரலாம். கெட்டுப்போன ஷீட்டையும் சேர்த்துத்தான். பிறகு அவற்றை என்ன செய்வது என்பதை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். ஆனால் பழைய காகிதங்களை ஆற்றில் விடும் வழக்கத்தில் அக்ரிலிக்கையும் முல்லைப் பெரியாற்றில் விட்டுவிடாதீர்கள். அது கரையாது. யாராவது ஒருவர் வயல் வாய்க்காலில் மிதித்துக்கொண்டு நிற்பார்.

இதே காரணத்துக்காகத்தான் நாற்காலி, பாய், தேக்ஸா போன்றவற்றில் அரபி எழுத்தே வேண்டாம் என்கிறேன். உட்காரும், மிதிக்கும், கழுவும் பொருள்களுக்கு ஊர்ப் பெயரைத் தமிழில் போட்டு, பக்கத்தில் நம்பர் போட்டால் போதும்.

இந்தக் கோப்பு வேலையைக் கற்றுக்கொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை. உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரிக்கும் மற்றக் கல்லூரிகளுக்கும் போய்க் கணினி படித்துவரும் பிள்ளைகள் மஹல்லாவுக்கு நாலு பேராவது இருப்பார்கள். ஆரி வேலை தெரிந்த சகோதரிகளுக்குக் கோட்டின் ஓட்டம் கையிலேயே இருக்கிறது. ஓதத் தெரிந்தவர், கணினி தெரிந்தவர், கோடு தெரிந்தவர் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருப்பதும் நம்மிடம் அபூர்வமில்லை. வெட்டும் எந்திரம் வாங்க முதல் வேண்டும். கோப்பு தயாரித்துக் கொடுக்க ஒரு கணினி போதும். கடைக்காரர்களுக்கும் இப்படிச் சரிபார்த்த கோப்பு கிடைத்தால் சந்தோஷமே, ஷீட் வீணாகாது. ஒன்று மட்டும்: இணையத்தில் கிடைக்கும் எழுத்தோவியம் இன்னொருவருடைய உழைப்பு. விற்பதற்காகச் செய்கிறீர்கள் என்றால் எழுதியவரின் அனுமதி இல்லாமல் டிரேஸ் செய்யாதீர்கள்.

முடித்த கோப்பை ஒருவர் செல்போனில் மட்டும் விட்டு வைக்க வேண்டாம். ஜமாஅத் அலுவலகக் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் போட்டு வையுங்கள். அடுத்த தடவை பலகை உடைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது. கோப்பின் பெயரிலேயே அளவு, பொருள், கனம், பார்த்தவர் எல்லாம் தெரியட்டும். 'பிஸ்மி, 24 அங்குலம், அக்ரிலிக் 3 மிமீ, நுக்தா 4, ஹஜ்ரத் பார்த்தது' என்று.